நானூறு வருஷமாகப் பதில் இல்லை

“ஒரே ஒரு கேள்விதான் டாக்டர். பதில் சொல்லிட்டீங்கன்னா நான் போயிடுறேன்” என்றார் தியோடர்.

ரோசிக்ரூசியன் என்கிற ரோஜாச் சிலுவைச் சங்கத்தின் திருச்சிக் கிளைக்கு டாக்டர் செல்லத்துரைதான் தலைவர். தியோடரைவிட ஒன்பது வயது இளையவர். மதியம் நோயாளிகள் போனபின் மேஜையில் தலை சாய்த்திருந்தவர் நிமிர்ந்தார்.

“உட்காருங்க பிரதர். எங்க போறீங்க?”

“சங்கத்தை விட்டுத்தான். முழங்கால் போச்சு, கண்ணும் போச்சு. இனிமே என்னால முடியாது.”

தியோடர் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபோர்மேனாக இருந்தவர். சும்மா சொல்லக்கூடாது, எதையும் பாதியில் விடுகிற ஆளில்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் இந்தச் சங்கத்தில் சேரக் கேட்டபோது, முதலில் ஃப்ரீமேசன் என்கிற இன்னொரு ரகசியச் சங்கத்தில் சேர்ந்து மூன்று படி ஏறி வா, பிறகு பார்க்கலாம் என்றார்கள். அதுதான் இங்கே விதி. மேசன்கள் கூடுகிற, ஊர்க்காரர்கள் பேய் பங்களா என்று சொல்லும் லாட்ஜில் சேர்ந்து, கண்ணைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் ஏப்ரன் கட்டிக்கொண்டு, மூன்று படியும் ஏறினார். திரும்பி வந்தால் இங்கே ஒன்பது படி. அதிலும் எட்டு முடிந்துவிட்டது. பெண்டாட்டி கேட்டதற்கெல்லாம் ரகசியம், ரகசியம் என்று சொல்லப்போய், அவள் கேட்பதையே விட்டுவிட்டாள்.

“கேளுங்க.”

“நம்ம சங்கத்தை ஆரம்பிச்சதாச் சொல்ற, ரகசியம் தெரிஞ்ச அந்த ஆதி சகோதரர்கள் நிஜமாவே இருக்காங்களா, இல்லையா?”

“லாட்ஜில கேட்டீங்களா?”

“கேட்டேன். ‘அந்த ரகசியம் எங்களுக்கே ரோஜாச் சிலுவைக்காரங்க கொடுத்ததுதான், அவங்களைக் கேளு’ன்னாங்க. இங்க கேட்டா, ‘மேசன்கள்தான் பத்திரமா வச்சிருந்தாங்க, அங்க கேளு’ங்கிறீங்க. நான் என்ன செக்குமாடா?”

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லை.

“நானூறு வருஷம் முன்னாடி ஜெர்மனியில, எழுதினவர் பேர் இல்லாம ஒரு சின்னப் புத்தகம் வந்துச்சு. நாங்க ஒரு ரகசியச் சகோதரர் கூட்டம், சேர ஆசைப்படுறவங்க எழுதலாம்னு. விலாசம் மட்டும் போடல.”

“எழுதினாங்களா?”

“ஏகப்பட்ட பேர். எங்க அனுப்புறதுன்னு தெரியாம அச்சடிச்சே வெளியிட்டாங்க. அவங்க கண்ணில படட்டும்னு.”

“பதில்?”

“ஒருத்தருக்கும் வந்ததாத் தெரியல.”

“அப்போ நம்ம சங்கம்?”

“ரொம்பக் காலம் கழிச்சு மேசன்கள் சில பேர் தாங்களே கூடி ஆரம்பிச்சதுதான்.”

“இது உங்களுக்கு எப்போ தெரியும்?”

“நான் ஒன்பதாவது படி ஏறின அன்னிக்கு.”

ஆளில்லாத வீட்டுக் கதவையா இத்தனை வருஷம் தட்டிக்கொண்டிருந்தோம்? தியோடருக்கு அழுதால் தேவலை போலிருந்தது. அதற்கும் அலுப்பாக இருந்தது.

டாக்டர் இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

துறையூரிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எழுதியிருந்தார். மொத்தமே நாலு வரி. மனைவி தவறிவிட்டாள், எதைப் படித்தும் மனம் ஆறவில்லை, இப்படி ஒரு சங்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன், உண்மையிலேயே அங்கே யாராவது இருக்கிறீர்களா?

தியோடர் தேதியைப் பார்த்தார்.

“எட்டு மாசமாச்சே!”

“என்ன எழுதுறதுன்னு தெரியல பிரதர். பொய் சொல்ல மனசு வரல.”

“அதுக்காக? அந்த மனுஷன் தினமும் தபால்காரரைப் பாத்துக்கிட்டு நிப்பாரே டாக்டர்! ஒரு கார்டு போட முடியாதா?”

டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

தியோடர் வாங்கிக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.

‘ஐயா, வணக்கம். இங்கே நான் இருக்கிறேன்.’