ஆடு கேட்ட எருமைச் சுகம்

யானை ஒன்று காட்டுக் குளத்துக்குக் கரை கட்டியது. சேறு மிதிக்க எருமைகள் வந்தன. மலையிலிருந்து சரளை சுமக்க வெள்ளாடுகள் வந்தன.

வேலை தொடங்குமுன் இரண்டு கூட்டமும் யானையோடு உட்கார்ந்து பேசி, ஆளுக்கொரு வாக்கு வாங்கிக்கொண்டன. உச்சி வெயிலில் எருமைகள் குளத்தில் கிடக்கலாம். ஈரம் பட்டால் ஆட்டுக்குட்டிகளுக்குச் சளி கட்டும். அதனால் தூறல் விழுந்தால் ஆடுகள் வேலையைப் போட்டுவிட்டுக் குகைக்குள் ஒதுங்கலாம்.

ஆடுகளுக்காகப் பேசுகிறவள் செங்கொம்பி. வாய் கெட்டி. ஆனால் அடுத்தவர் அசைபோட்டால் இவளுக்கு வயிறு எரியும்!

அது நல்ல கோடை. மத்தியானமானால் எருமை கருமாயி மூக்கு மட்டும் தெரியக் குளத்தில் கிடப்பாள். செங்கொம்பி சரளையோடு மூச்சு வாங்கிப் போவாள்.

"என்ன மகாராணி, இன்னும் எந்திரிக்கலையா?"

"வாயேன் ஆத்தா, நீயும் வந்து விழு!" என்று சிரித்தாள் கருமாயி.

அந்தச் சிரிப்பு செங்கொம்பிக்கு முள்ளாய்த் தைத்தது. நேரே யானையிடம் போனாள்.

"யானையண்ணே! எருமைக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா? எங்களுக்கும் குளம் வேணும்!"

"தரலாம் தாயி. அப்போ தூறல் வாக்கை விட்டுடணும்."

"மழையே காணோம், தூறல் வாக்கை வச்சு நக்கவா? விட்டோம்!"

தன் கூட்டத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் உச்சியில் ஆடுகள் குளத்தில் இறங்கின. குளம்பு புதைந்தது. தாடியெல்லாம் சேறு.

"ஏண்டி, நம்ம உடம்புக்கு இது ஆகுமாடி?" என்று தும்மினான் மூளிக்காதுக் கிடா.

"பேசாமப் படு! எருமை பார்க்குது!"

சில நாளில் வானம் கறுத்தது. சடசடவென்று மழை! ஆடுகள் குகைக்கு ஓடின. யானை வழிமறித்தது.

"எங்கே போறீங்க? சரளை யாரு சுமக்கிறது?"

"குட்டிங்க நடுங்குது அண்ணே!" என்று கெஞ்சினாள் செங்கொம்பி.

"வாக்குன்னா வாக்குதான். கரை முடிஞ்சபிறகுதான் மறுபேச்சு!"

மூளிக்காது குட்டிகளைத் தன் வயிற்றுக்கடியில் ஒதுக்கிக்கொண்டான். "எருமைக்கு வேண்டியதை எருமை கேட்டுச்சு. ஆட்டுக்கு வேண்டியதை நீ கேட்டியா? மறுபேச்சுக்கு நீ வரவேண்டாம். நாங்க எல்லாரும் போய்ப் பேசிக்கிறோம்!"

செங்கொம்பி சரளையைத் தூக்கிக்கொண்டு மழையில் நடந்தாள்.

அடுத்தவர் இலையைப் பார்த்துக்கொண்டே பேரம் பேசப் போனால், நம் இலையில் இருக்கும் சோறும் போய்விடும்.