தவிட்டுச் சீர்

மீன்பண்ணை முதலாளி தில்லைநாயகம் எச்சில் கையால் காக்கா ஓட்டமாட்டார். தாய்மீன்களுக்குப் புண்ணாக்கை நிறுத்திவிட்டு வெறும் தவிட்டைப் போடச் சொன்னார். மீன்கள் சினை பிடிக்கவில்லை என்றதும், தீனி போடும் அஞ்சுகத்தின் மேல் பாய்ந்தார்.

"உன் கைராசி சரியில்ல. நாளையிலேர்ந்து வராதே!"

மறுநாள் முதலாளி மகளுக்கு வளைகாப்பு. ஏழு வகைச் சோறு மணக்கும் பந்தலில், சம்பந்திகள் பார்க்க, அஞ்சுகம் ஒரு தட்டு நிறையத் தவிட்டைச் சீராகக் கொண்டுவந்து வைத்தாள்.

முதலாளி குதித்தார். "வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணுக்குத் தவிடா? வயித்துல இருக்கிறது எப்படிடீ தேறும்?"

"இதையேதான் முதலாளி, குளத்துத் தாய்களுக்காக நான் தெனம் கேட்டேன். நீங்க என் கைராசியைச் சொன்னீங்க."

பந்தலே சிரித்தது. மகள் இலையைத் தள்ளி வைத்தாள்.

"அப்பா, முதல்ல அஞ்சுகம் குளத்துக்குப் புண்ணாக்கு எடுத்துட்டுப் போகட்டும். அப்புறம் நான் சாப்பிடுறேன்."