அறவாழியின் குரல்

விடைப் பத்திக்கு உடனே ஓடிவிடாமல், சற்று நின்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய கதை இது.

மனநல மருத்துவர்கள் ஆண்டுக்கொரு முறை மதுரையில் மாநாடு கூடுவார்கள். பேசுபவரின் சம்மதமின்றி யாரும் பேச்சைப் பதிவு செய்யக் கூடாது என்பது அங்கே விதி. மேடையில் சொல்லப்படுபவை பெரும்பாலும் நோயாளிகளின் வாழ்க்கை அல்லவா? மீறல்களை விசாரிக்கும் நடத்தைக் குழுவுக்கு இந்த ஆண்டு தலைவி டாக்டர் பூங்கோதை.

சென்ற ஆண்டு அதே மேடையில் அவள் கணவர் டாக்டர் அறவாழி பேசினார். குளத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயைப் பற்றிய பேச்சு. "அன்னைக்கு அந்த ரூம்ல இருக்கிற டாக்டருங்களுக்கு மட்டும் சொல்லுங்க சார். வேற யார் காதுக்கும் போக வேணாம்" என்று கேட்டுக்கொண்டுதான் அந்தத் தாய் சம்மதித்திருந்தாள். அறவாழி அதை மேடையிலேயே சொல்லி, பதிவு வேண்டாம் என்றார். பூங்கோதைக்கு அன்று மருத்துவமனையில் பணி. அவள் மாநாட்டுக்குப் போகவில்லை. அடுத்த சில வாரங்களில் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

புகைப்படங்கள் நிறைய இருந்தன. குரல்தான் இல்லை. போனில் எதையும் எழுதியே அனுப்பிய மனிதர் அவர். கல்யாண வீடியோவில்கூட நாகஸ்வரம்தான் கேட்கிறது. "கோதை" என்று அவர் கூப்பிடுவதைப் போல அவளே சில சமயம் சொல்லிப் பார்ப்பாள். அந்த இழுப்பு வராது.

இந்த ஆண்டு மாநாட்டில், மதிய உணவு வேளையில், டாக்டர் ஜெரால்டு அவளிடம் வந்தார். அறவாழியோடு வேலை பார்த்தவர்.

"மேடம், சாரோட பேச்சு எங்கிட்ட இருக்கு. தப்புன்னு தெரிஞ்சேதான் பதிவு பண்ணேன். அந்தக் குரல் மேல அவ்வளவு பிரியம். இது இனிமே உங்ககிட்ட இருக்கட்டும்."

பூங்கோதை அவர் நீட்டிய போனை வாங்கிக்கொண்டு மாநாட்டுச் செயலாளர் இஸ்மாயிலிடம் நேரே போய் நடந்ததைச் சொன்னாள். அவர் தன் அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார்.

"ஒரே ஒரு தடவை கேட்டுட்டு அழிச்சிருங்கம்மா. நான் வெளிய நிக்கிறேன். மனுஷங்களுக்காகத்தானே விதி?"

கதவு மூடிக்கொண்டது. திரையில் அவர் பெயர். விரலால் தொட்டால் போதும், பேசிவிடுவார். பூங்கோதை போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, கேட்காமலேயே அழித்தாள். ஜெரால்டை என்ன செய்வது என்பதைக் குழுவின் மற்றவர்களிடம் விட்டுவிட்டாள்.

பிரியத்தால் பதிவு செய்து, மனைவியிடம் கொண்டுவந்து சேர்த்தவர் ஜெரால்டு. இரக்கத்தால் விதியைச் சற்றே தளர்த்தியவர் இஸ்மாயில். ஏங்கி ஏங்கிக் கைக்கு வந்ததைக் கேட்காமல் அழித்தவள் பூங்கோதை. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: பூங்கோதை செய்ததே சரி. குரல் அவள் கணவருடையது. ஆனால் அதில் இருந்தது வேறொருத்தியின் துக்கம். அன்று அந்த அறையில் இருந்தவர்களுக்கு மட்டுமே அதைக் கேட்கும் உரிமையை அந்தத் தாய் கொடுத்தாள். பூங்கோதை அன்று அங்கே இல்லை. மற்ற இருவரும் கண்ணெதிரே நின்றவளுக்காக இரங்கினார்கள். கண்ணில் படாத தாயை நினைத்தவள் இவள் ஒருத்திதான். ஆனாலும் ஏக்கம் தீர்ந்துவிடவில்லை. மாலையில் கிளம்பும்போது ஜெரால்டை நிறுத்தி, "அந்தக் கதை வேணாம். அவர் எப்படி ஆரம்பிச்சார், அதை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

"மைக்கைத் தட்டிட்டு, 'கடைசி வரிசைக்குக் கேக்குதா?'ன்னாரு மேடம்."

"கேக்குது" என்றாள் பூங்கோதை.