முயலின் ஓட்டமும் உடும்பின் பிடியும்

நாணல்குளத்துக் கரையில் துள்ளாண்டி என்று ஒரு முயல் இருந்தது. ஓட்டத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அதன் எண்ணம். எண்ணம் என்னவோ சரிதான். ஆனால் அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றிலும் அசடாக இருந்தது.

பக்கத்து வளையில் பிடியப்பன் என்று ஓர் உடும்பு. எதையாவது பிடித்தால் விடாது. விடத் தெரியாது என்றும் சொல்லலாம். அதற்கும் அடுத்த வளையில் சடைச்சி என்று ஒரு பெருச்சாளி. அதை யாரும் அழகு என்று சொன்னதில்லை. அதுவும் அதைக் கேட்க ஏங்கியதில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தால் குளம் பெருகும். கார்த்திகையில் மறுகால் பாயும். வழிந்த தண்ணீர் கரையோர வளைகளுக்குள் புகுந்துவிடும். அன்றைக்கு எல்லோரும் வளையை விட்டுப் புறப்பட்டு, பொட்டல்வெளியைக் கடந்து, ஆனைப்பாறையின் மேலே இருக்கும் குகைக்குப் போய்ச் சேரவேண்டும். வருஷா வருஷம் இது வழக்கம். வருஷா வருஷம் நரி பொட்டலில் காத்திருக்கும். அதுவும் வழக்கம்.

போன வருஷம் வரை அந்தப் பாறையில் ஒரு பட்ட வேப்பமரம் சாய்ந்து கிடந்தது. அதில் நடந்தே மேலே போய்விடலாம். இந்த வருஷம் கறையான் அதைத் தின்று மண்ணாக்கிவிட்டது. மிச்சம் இருந்தது மேலேயிருந்து தொங்கும் ஓர் இச்சிமரத்து வேர்தான். அதைக் கையால் பிடித்து, உடம்பை இழுத்து இழுத்து மேலே ஏறவேண்டும்.

மழை பிடித்துக்கொண்டது. யாரும் வெளியே தலைகாட்ட முடியவில்லை.

"மறுகாலுக்கு இன்னும் நாப்பது நாள் இருக்கு!" என்றது சடைச்சி, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "இந்தத் தடவை ஓடவும் வேணும், ஏறவும் வேணும். வீட்டுக்குள்ளயே உடம்பைத் தயார் பண்ணுங்க. நான் இன்னைக்கு ஓட்டம். நாளைக்குத் தொங்கல், கல்லு உருட்டல். மூணாம் நாள் தூக்கம்!"

துள்ளாண்டியும் முயன்று பார்த்தது. வளைக்கூரையில் தொங்கிய ஒரு வேரைப் பிடித்து உடம்பை இழுத்தது. கை நடுங்கியது. பொத்தென்று விழுந்தது. மறுபடி இழுத்தது. மறுபடி பொத். மூன்றாம் முறை விழுந்தபோது அதற்கு அழுகையே வந்துவிட்டது. காட்டிலேயே வேகமான முயல், ஒரு வேரில் தொங்க முடியாமல் தரையில் கிடக்கிறது! நல்லவேளை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டது.

"ஐயோ தம்பி!" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

வாசல் என்பது இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு சந்து. நரியின் மூக்கு மட்டும் அதில் நுழையும். தலை நுழையாது. ஆகவே மூக்கை உள்ளே விட்டுக்கொண்டு, மழையில் நனைந்தபடி நரி நின்றது. துள்ளாண்டி அலறியடித்துக்கொண்டு மூலைக்கு ஓடியது.

"பயப்படாதே தம்பி! எனக்குப் பல்லெல்லாம் ஆடுது. இப்பல்லாம் இலந்தைப்பழத்தோட சரி. சின்னப் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக் குடுத்துப் பொழுதை ஓட்டுறேன். வாத்தியார்னு கூப்பிடுவாங்க. எங்கே, கொஞ்சம் திரும்பு. அடடா! என்ன காலு! இந்தக் காலை வச்சுக்கிட்டா குரங்கு மாதிரி தொங்குறே?"

"பாறையில ஏறணுமே, வாத்தியாரே..."

"யாரு, நீயா? நீ ஓடிவர்ற வேகத்துக்குப் பாறையே உன்னைத் தூக்கி மேலே விட்டுரும்! கை பெருத்தா உடம்பு கனக்கும். உடம்பு கனத்தா ஓட்டம் போச்சு! ஓடு தம்பி, ஓடு! நான் எண்ணுறேன்!"

ஒரு பச்சைக்குழந்தைகூட இதை நம்பாது. துள்ளாண்டி நம்பியது. தொங்கினால் கை வலித்தது, ஓடினால் வலிக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். பிடிக்காததைச் செய்யவேண்டாம் என்று யார் சொன்னாலும் அவர் நமக்கு வாத்தியார்தானே!

அன்று முதல் வளைக்குள் சுற்றிச் சுற்றி ஓடியது. காலையில் ஓட்டம், மத்தியானம் ஓட்டம், சாயங்காலம் ஓட்டம். நரி தினமும் வந்து எண்ணியது.

"முந்நூத்தி ஒண்ணு! முந்நூத்தி ரெண்டு! சபாஷ்!"

"வாத்தியாரே, உங்களுக்கு ஏன் இப்படி எச்சில் ஒழுகுது?"

"பெருமை தம்பி, பெருமை!"

துள்ளாண்டிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அடுத்து நரியின் மூக்கு உடும்பின் வாசலுக்குப் போனது. அங்கே பிடியப்பன் நாலு சுற்று ஓடிவிட்டு, நாக்கு வெளியே தள்ள மல்லாந்து கிடந்தது.

"அண்ணாச்சி! ஊரே உங்க பிடியைப் பத்திப் பேசுது. நீங்க போய் முயலு மாதிரி ஓடலாமா? மரியாதை என்ன ஆகிறது?"

"மூச்சு வாங்குது வே," என்றது உடும்பு.

"வாங்கத்தான் செய்யும்! ஓட்டம் கோழைங்களுக்கு. நீங்க தொங்குங்க!"

பிடியப்பனுக்கு அதைவிட இனிப்பான சொல் வேறென்ன வேண்டும்? அன்று கூரையைப் பிடித்ததுதான். சாப்பிட மட்டும் இறங்கியது.

நரி மூன்றாவது வாசலுக்கும் போனது. "தங்கச்சி!" என்று மூக்கை நீட்டியது. சடைச்சி அதை நறுக்கென்று கடித்தது. அதற்குப் பிறகு அந்த வாசலுக்கு வாத்தியார் வரவேயில்லை.

இருபது நாள் கழிந்தது. முயலும் உடும்பும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சண்டை போட்டுக்கொண்டன.

"என்ன வே, வவ்வாலு கணக்கா இன்னும் தொங்குறீரா?"

"நீரு செக்கு சுத்துறதுக்கு இது எவ்வளவோ தேவல!"

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டுக்கும் ஒரே கருத்து. "அந்தச் சடைச்சியைப் பாரும் வே! ஒரு நாள் ஓட்டம், ஒரு நாள் தொங்கல், ஒரு நாள் குறட்டை! எதுலயும் உருப்படியில்ல!"

சடைச்சியின் காதில் அது விழுந்தது. "ஏலே துள்ளாண்டி!" என்று கத்தியது. "நேத்து நான் வேர்ல அஞ்சு தடவை ஏறினேன். நீ எத்தனை தடவை ஏறினே?"

"எங்க வாத்தியார் கைப்பயிற்சி வேண்டாம்னு சொல்லியிருக்காரு!"

"நீ பாறைக்கு மேலே போயிட்டா அந்த வாத்தியார் என்னத்தத் தின்பாரு? அதை யோசிச்சியாலே?"

துள்ளாண்டி யோசிக்கவில்லை. பொறாமை என்று முடிவுகட்டிவிட்டு இன்னொரு ஐம்பது சுற்று ஓடியது.

நாற்பதாம் நாள் விடியும்போது குளம் மறுகால் பாய்ந்தது. தண்ணீர் சலசலவென்று வளைக்குள் வந்தது. மூன்றும் வெளியே பாய்ந்தன.

துள்ளாண்டி பொட்டலைக் கடந்த வேகத்தைச் சொல்லி முடியாது. சடைச்சி கால்வாசி தூரம் வருவதற்குள் அது ஆனைப்பாறையின் அடியில் நின்றது. நரியைக் காணோம். ஒருவரையும் காணோம். முதலில் வந்தாயிற்று! ஆனால் கைதட்டத்தான் யாரும் இல்லை.

பாறையின் அடிவாரம் ஒரு கொட்டடி. மூன்று பக்கமும் செங்குத்தான பாறை, ஒரு பக்கம் மட்டும் திறப்பு. நடுவில் இச்சி வேர் தொங்கியது. துள்ளாண்டி ஓடிவந்த வேகத்தில் எகிறிப் பிடித்தது. பாறை அதைத் தூக்கி மேலே விடவில்லை. நாற்பது நாளாக ஒரு வேலையும் செய்யாத கைகள் வெடவெடவென்று நடுங்கின. வழுக்கி விழுந்தது. எகிறியது. விழுந்தது.

சடைச்சி வந்து சேர்ந்தது. மூச்சு வாங்கியது, ஆனால் நிற்கவில்லை. வேரைப் பிடித்து மளமளவென்று ஏறியது. நடுவில் நின்று ஒரு கையை நீட்டியது.

"பிடிலே!"

துள்ளாண்டி எகிறிப் பிடித்தது. அதன் பிடி ஒரு நொடி நின்றது. பிறகு தானாகக் கழன்றுகொண்டது.

"அக்கா! விட்டுட்டுப் போகாதே!"

"நான் எங்கலே விட்டேன்? உன் கைதான் விட்டது!" என்றது சடைச்சி. "நரி வருது, பின்னால பாரு!" மேலே ஏறி மறைந்தது.

நரி ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தது. வாயில் ஓர் உடும்பு வாலின் நுனி இருந்தது. திறப்பில் வந்து உட்கார்ந்து, அதை மென்று விழுங்கியது. ஆடாத பற்கள் அத்தனையும் தெரிந்தன.

"உன் சிநேகிதன் பாதி வழியில மூச்சு முட்டி, ஒரு பனங்கட்டையைப் பிடிச்சுக்கிட்டான் தம்பி. இழுத்து இழுத்துப் பார்த்தேன். இவ்வளவுதான் வந்துச்சு. பிடின்னா அதுதான் பிடி! உனக்கு அந்தக் கஷ்டமே இல்ல பாரு!"

"வாத்தியாரே! நீங்கதானே சொன்னீங்க, பாறையே தூக்கி விடும்னு!"

"சொன்னேன். நீயும் நம்பினே. எங்கே, ஓடு! எண்ணுறேன்!"

துள்ளாண்டி ஓடியது. வேறென்ன செய்யும்? அந்தக் கொட்டடிக்குள் சுற்றிச் சுற்றி ஓடியது. நரி உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"ஒண்ணு! ரெண்டு! அவசரமில்ல தம்பி. களைச்சதும் சொல்லு!"

தன் வளைக்குள் கேட்ட அதே குரல். அதே சபாஷ். அதே எச்சில். ஒவ்வொரு சுற்றிலும் வேர் தலைக்கு மேலே வந்து வந்து போனது. உயிரோடு இருப்பதற்கும் செத்துப்போவதற்கும் நடுவே ஓர் ஆள் உயரம். அந்த உயரத்துக்கு ஏற நாற்பது நாளில் பதினைந்து நாள் தொங்கியிருந்தால் போதும். துள்ளாண்டிக்கு இப்போது அது நன்றாகவே புரிந்தது. இப்போது புரிந்து என்ன பிரயோஜனம்?

இருநூறாவது சுற்றில் கால் பின்னியது. நரி ஒரே பாய்ச்சலில் அதன் காதைக் கவ்வியது.

அப்போது மேலேயிருந்து ஒரு கல் உருண்டு வந்தது. சடைச்சி வீட்டில் உருட்டிப் பழகிய கல்லைவிட அது பெரியதும் இல்லை, சிறியதும் இல்லை. நரியின் இடுப்பில் சொத்தென்று விழுந்தது.

"ஐயோ!" என்று வாத்தியார் வாயைத் திறந்தார்.

பாதிக் காதை விட்டுவிட்டுத் துள்ளாண்டி திறப்பு வழியாகப் பறந்தது. உயிர் பிழைத்தது. ஆனால் குகை கிடைக்கவில்லை. நரி அந்தப் பாறையடியை விட்டு நகரவேயில்லை. சடைச்சி மேலே காய்ந்த தரையில் குறட்டை விட்டது. பிடியப்பன் எப்படியோ நகர்ந்து ஒரு புற்றுக்குள் ஒண்டிக்கொண்டு, வால் நுனி இல்லாத இடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. ஊரிலேயே வேகமான முயல், சருகு அசைந்தால் ஓடி, நிழல் அசைந்தால் ஓடி, மழைக்காலம் முழுக்க நனைந்து திரிந்தது. ஓட ஆசைப்பட்டதல்லவா? நன்றாக ஓடட்டும்!

தை பிறந்து தண்ணீர் வடிந்தது. மூன்றும் தங்கள் வளைக்குத் திரும்பின. பிடியப்பன் முதல் நாளே சுவரோரம் மெல்ல மெல்லச் சுற்றி ஓடத் தொடங்கியது. நாலு சுற்றுக்கு ஒரு முறை உட்கார்ந்து திட்டியது. பிறகு எழுந்து ஓடியது.

துள்ளாண்டி கூரை வேரைப் பிடித்தது. பொத். மறுபடி. பொத்.

வாசலில் நொண்டி நொண்டி ஒரு மூக்கு வந்து நின்றது.

"தம்பி! கோபமா? யோசிச்சுப் பாரு, அன்னைக்கு உன்னைக் காப்பாத்தினது எது? உன் ஓட்டம்தானே! அந்த ஓட்டத்தைச் சொல்லிக் குடுத்தது யாரு?"

துள்ளாண்டிக்கு ஒரு கணம் அது சரியாகத்தான் பட்டது. கைவேறு வலித்தது. ஓடினால் வலிக்காது. சுற்ற ஆரம்பிக்கக் கால் பரபரத்தது. அப்போது மிச்சமிருந்த பாதிக் காது கூரை வேரில் உரசி எரிந்தது.

"இன்னும் கிட்ட வாங்க வாத்தியாரே," என்றது. "சரியா கேக்கல."

மூக்கு ஆசையாக உள்ளே வந்தது.

துள்ளாண்டி திரும்பி நின்று, அந்தப் புகழ்பெற்ற இரண்டு காலாலும் ஓங்கி ஓர் உதை விட்டது. பிறகு வாசல் பக்கம் திரும்பிப் பார்க்காமல் வேரைப் பிடித்துத் தொங்கி, "ஒண்ணு" என்று தானே எண்ணியது.

எளிதாக வருவதையே நாள் முழுக்கச் செய்துவிட்டு அதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்துக்கொள்பவனுக்கு, ஓட்டம் இருந்தால் பலம் இருக்காது, பலம் இருந்தால் மூச்சு இருக்காது. ஆகவே காலுக்கு ஒரு நாள் கொடுத்தால் கைக்கும் ஒரு நாள் கொடு.