இறக்கத்தில் மட்டும் வரும் கருகல்

"வண்டியில ஏதோ எரியுது அம்மணி. எதுன்னுதான் ஒருத்தருக்கும் தெரிய மாட்டேங்குது" என்றார் சென்னியப்பன்.

மலையடிவாரத்து ஆழியாறில் வண்டிப் பட்டறை வைத்திருந்த ரங்கநாயகி காரைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். ஆனாலும் அந்த மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு அவள் குரு. முதலில் கேலியாகச் சொன்னதுதான். கேலி உதிர்ந்து, பேர் மட்டும் நின்றுவிட்டது.

சென்னியப்பன் வால்பாறைக்காரர். பொள்ளாச்சியில் ஒருவர் ஒயர் என்றார், மாற்றியாயிற்று. இன்னொருவர் கிளட்ச் என்றார், அதையும் மாற்றியாயிற்று. மூன்றாமவர் கோளாறு உங்கள் மூக்கில்தான் என்றார். கடைசியில் சென்னியப்பன் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியும் பார்த்தார். கருகல் வாசனை போகவில்லை.

வெள்ளிக்கிழமை மகளையும் ஐந்து மாதப் பேத்தியையும் மலையிறக்கிச் சம்பந்தி வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். வண்டி அனுப்புகிறோம் என்றார்கள் அவர்கள். என் பேத்தி என் வண்டியில்தான் வருவாள் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டார். இப்போது கண்ணை மூடினாலே புகை.

"ஏறும்போது அடிக்குதுங்களாண்ணா?"

"இல்ல அம்மணி. இறங்கறப்பத்தான். பாதி மலையில ஆரம்பிச்சுருது."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மேலே போய்விட்டு வரலாம் என்றாள்.

ஏறும்போது முழுக்க அவர்தான் பேசினார். மூன்று மெக்கானிக்குகளையும் முறைவைத்துத் திட்டினார். குரு 'ம்' கொட்டிக்கொண்டே வந்தாள். இன்ஜின் முக்கி முனகி மலையேறியது. ஒரு வாசனையும் இல்லை.

மேலே அட்டகட்டியில் வண்டியைத் திருப்பினார். இறக்கம் தொடங்கியதும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். லாரியில் கிளீனராக இருந்த காலத்துப் பழக்கம். தானாக உருளுகிற வண்டிக்கு எதற்குப் பெட்ரோல் என்பது அவர் கட்சி. வலது கால் பிரேக்கின் மேல் போய்க் குடியேறியது.

சில வளைவுகள் தாண்டியதும் வந்துவிட்டது, மயிர் கருகுகிற மாதிரி. முருகா என்று முனகிக்கொண்டே பிரேக்கை இன்னும் அழுத்தினார்.

கருகல் இன்னும் கூடியது.

"ஓரங்கட்டுங்க."

இறங்கி ஓடி பானெட்டைத் திறந்தார். குரு அதை மூடினாள். வண்டியில் கிடந்த தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து, விரலை நனைத்து முன்சக்கரத்து இரும்பின் மேல் உதறினாள்.

சொய்ங் என்றது.

"எதுங்க அம்மணி எரியுது?"

"உங்க காலு."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். தேய்ந்த ரப்பர் செருப்பு. வெடித்த குதிகால். வேறொன்றும் தெரியவில்லை.

"வண்டிப் பாரம் மொத்தத்தையும் பிரேக் ஒண்ணுமேலயே தூக்கி வெச்சிருக்கறீங்க. அதென்ன பண்ணும், பாவம்."

"அமுத்தாம எப்படி இறங்கறது? நேரா பாதாளத்துக்குப் போயிர மாட்டனா?"

அவள் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். சக்கரம் ஆறும்வரை அவர்தான் குட்டிபோட்ட பூனையாகக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு அவள் எழுந்து பிரேக்கை மிதித்துப் பார்த்தாள். கெட்டியாக நின்றது. தேய்ந்த பிரேக் கட்டைகளைக் கீழே போய் மாற்றித் தருகிறேன், இப்போதைக்குப் பயமில்லை என்றாள்.

"செகண்டுல போடுங்க. வளைவு வந்தா மிதிச்சு எடுங்க. மத்த நேரம் காலைக் கீழ வைங்க."

"ஓடிராதுங்களா?"

"மலை ஏத்துனது யாரு?"

அவர் யோசித்தார். "இன்ஜினு."

"அப்புறம்? புடிச்சு இறக்கவும் அதுக்குத் தெரியும்."

இரண்டாவது கியரில் வண்டி உறுமியது. மூக்கணாங்கயிற்றை யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்த மாதிரி, வேகம் கூடாமல் நகர்ந்தது. பிரேக்கைத் தேடிப் போன காலை இழுத்துக் கீழே வைத்தார். வளைவு வந்தது, மிதித்தார், எடுத்தார். இன்னொன்று. அப்புறம் எத்தனை வளைவு போயிற்று என்றே அவருக்குத் தெரியவில்லை.

கண்ணாடியை இறக்கினார். மூக்கை நீட்டி இழுத்தார். ஈர மண் வாசனை. எங்கோ பூத்த காட்டுப் பூ ஒன்றின் வாசனை. கீழே அணைத் தண்ணீர் வெயிலில் மினுங்கியது.

எத்தனை நாளாகவோ கடித்துக்கொண்டிருந்த பல்லை மெல்ல விட்டார்.

"பேத்தியைக் கூட்டிட்டு வரலாமுங்களா அம்மணி?"

நடுக்கண்ணாடியில் பார்த்தார். தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, குரு தூங்கிக்கொண்டிருந்தாள்.