மிதக்கும் கல்லைக் கடலடியில் நட்டவர்

பூசாரி நம்பையா, பூமயில் அம்மையார், அவருடைய கொழுந்தன் கோட்டைராசு ஆகிய மூவரே அன்று அம்மன் சன்னதியில் இருந்தனர். கடலில் முங்கிப் பாறைகளில் பாசி பறித்து விற்பது அம்மையாரின் பிழைப்பு. பருவத்தின் முதல் பிடிப் பாசியை அம்மன் காலடியில் வைத்த பிறகே விற்கப் பறிப்பார்கள். அந்தக் கரையின் வழக்கம் அது. அந்த ஆண்டு பாசி முளைக்காமல் பாறைகள் மொட்டையாகிவிட்டன. அம்மையார் வெறுங்கையைக் காலடியில் வைத்து வணங்கினார்.

"மதினி, கையில ஒண்ணுமில்லாம வந்து நம்ம வீட்டுப் பேரக் கெடுக்காதீக," என்றார் கோட்டைராசு.

"இருக்கறத வச்சேன் தம்பி."

எங்கோ எரிமலை வெடித்துப் பிறந்த நுரைக்கற்கள் அந்த மழைக்காலத்தில் கரை ஒதுங்கின. நீரில் மிதக்கும் அவற்றைச் சாமிக்கல் என்று யாத்திரைக்காரர்கள் கேட்டு வாங்க, ஊரே பொறுக்கி விற்றது. அம்மையாரோ கற்களின் துளைகளில் பாசித் துளிர் ஒட்டியிருப்பதைக் கண்டார். அம்மனே அனுப்பியவை என்று நம்பினார். அந்தத் துளிர் பாறையில் பரவட்டும் என்று பழைய வலையில் அவற்றை முடிந்து, கடலடியில் மொட்டைப் பாறைகளோடு கட்டினார்.

மிதக்கும் கல் அடியில் நிற்குமா? முடிச்சு அவிழ்ந்து மறுநாளே அத்தனையும் கரைக்கு வந்தன.

"ஒங்க அம்மன் திருப்பி அனுப்பிட்டா மதினி! வித்திருந்தா கஞ்சிக்காவது ஆயிருக்கும்," என்று சிரித்தார் கோட்டைராசு.

மறுபடி கட்டினார். புயல் பிய்த்தது. அதன்பின் கட்டியவற்றில் சேறு படிந்து துளிர் அழுகியது. அடுப்பெரியாத வீட்டிலிருந்து ஆண்டுதோறும் வெறுங்கையோடு சன்னதிக்குப் போனார். மூச்சு இரைத்தது, முங்குவதை நிறுத்தவில்லை.

ஒரு நாள் காலையில் முங்கியவர் எழவில்லை. கோட்டைராசு தேடி இறங்கினார். பாறையோடு இறுக்கிய வலைமுடிச்சின் மேல் அம்மையாரின் கை கிடந்தது. பக்கத்தில், முன்பு கட்டிய கல்லொன்றில் ஒரு பிடி பாசி தழைத்திருந்தது. உயிரற்ற உடலைக் கரை சேர்த்தார்கள்.

காரியம் முடிந்ததும் கோட்டைராசு அந்தப் பாசியைப் பறித்துவந்து அம்மன் காலடியில் வைத்தார். நம்பையாவுக்கு அருள் வந்தது.

"பாசி வந்துருச்சு. வெறுங்கையோட வருவாளே எம்மக, அவ எங்கடா?"

கோட்டைராசு மண்ணில் விழுந்து அழுதார்.

தாயே தேடிக் கேட்ட மகள் அவர். அந்தக் குடிக்கு அதைவிடப் பெருமை வேறில்லை.

பட்டினி தாங்காமல் கடலில் விழுந்தார் என்று சிலர் பேசுகிறார்கள். பொய். கல் கட்டத்தான் இறங்கினார்.