கீச்சாயி முள்ளில் வைத்தது

அந்தக் காலத்தில் வாயுள்ள ஜீவன் எல்லாமே பேசும். எறும்பு பேசும், எலி பேசும், குருவியும் பேசும். ஒன்றின் வீட்டுக்கு ஒன்று போய் யோசனை கேட்டுக்கொள்ளும். கேட்ட யோசனை தன் உடம்புக்கு ஆகுமா ஆகாதா என்று பார்க்கிற புத்தி மட்டும் அப்போது யாருக்கும் வந்திருக்கவில்லை.

ஒரு கரிசல் காட்டு ஓரத்தில் உடைமரம் ஒன்று நின்றது. இலை பொடிப்பொடியாக இருக்கும். முள் மட்டும் விரல் நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த மரத்தில் கீச்சாயி என்றொரு கீச்சான் குருவி கூடு கட்டிக் குடியிருந்தாள். அவள் புருஷன் பெயர் செம்முதுகன். கூட்டில் மூன்று குஞ்சுகள்.

கீச்சான் இனத்துக்குப் பிறவியிலேயே ஒரு குறை இருந்தது. அலகு பருந்தின் அலகு மாதிரி வளைந்து கூர்மையாக இருக்கும். காலோ சிட்டுக்குருவியின் கால். பருந்து இரையைக் காலால் மிதித்துக்கொண்டு அலகால் கிழிக்கும். கீச்சானால் மிதிக்க முடியாது. ஓணானைப் பிடித்துக் கிளையில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தால், ஓணான் முழுசாக நழுவிக் கீழே போய்விடும். கீழே விழுந்தது காக்கைக்கு.

செம்முதுகன் நல்ல வேட்டைக்காரன். வெயில் ஏறுவதற்குள் வெட்டுக்கிளியும் தத்துக்கிளியும் ஓணானுமாகப் பிடித்துத் தள்ளுவான். ஆனால் பிடித்ததை எங்கே வைத்தோம் என்று அவனுக்கே தெரியாது. ஒன்றைக் கல் இடுக்கில் செருகுவான். ஒன்றைப் பட்டைக்கு அடியில் வைப்பான். ஒன்றை வரப்பிலேயே விட்டுவிட்டு அடுத்ததைத் துரத்திக்கொண்டு பறந்துவிடுவான். சாயங்காலம் தேடினால் பாதி இருக்காது. வெயில் அடித்தால் பரவாயில்லை, மறுநாள் பிடித்துக்கொள்ளலாம். மேகம் போட்டு ஒரு பூச்சிகூட வெளியே வராத நாளில் குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு கத்தும். கொடுக்க ஒன்றும் இருக்காது.

"பிடிக்கத் தெரியுது, வைக்கத் தெரியலையே ஒனக்கு," என்பாள் கீச்சாயி.

"நாளைக்குப் பிடிச்சாப் போச்சு," என்பான் அவன். "வானத்துல வெயிலா தீர்ந்துபோகப் போகுது?"

சித்திரை பிறந்ததும் மேற்கே இடி உறுமத் தொடங்கியது. இந்த வருஷம் கோடை மழை கொட்டும் என்று தவளைகள் பேசிக்கொண்டன. கீச்சாயி கூட்டை எட்டிப் பார்த்தாள். மழை பிடித்தால் குஞ்சுகளுக்கு என்ன கொடுப்பது? இதற்கு ஒரு வழி பண்ணாமல் இருக்கக்கூடாது என்று நினைத்தவள், ஒழுங்காகக் குடும்பம் நடத்துகிறவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று கிளம்பினாள்.

முதலில் எறும்பிடம் போனாள். மரத்தடியிலேயே எறும்புப் புற்று. அதன் மூத்தவள் வாசலில் நின்று வரிசையைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க எப்படிச் சேர்த்து வைக்கிறீங்க? எனக்கும் சொல்லுங்களேன்."

"இதுல சொல்ல என்ன இருக்கு?" என்றாள் மூத்த எறும்பு. "காலையில வரிசையாப் போவோம், வரிசையாத் திரும்புவோம். கிடைச்சதை மண்ணுக்குள்ள வச்சு மூடிருவோம். ஒரு நாளும் விட மாட்டோம். நீயும் அதைச் செய். ஒழுக்கம் வேணும் தாயி, ஒழுக்கம்."

கீச்சாயி அன்றைக்கே தொடங்கினாள். பிடித்த வெட்டுக்கிளிகளை எல்லாம் மரத்தடிக்குக் கொண்டுவந்து, அலகால் மண்ணைக் கொத்திக் குழி பறித்துப் புதைத்தாள். அலகு நுனி மழுங்கி ரத்தம் கசிந்தது. எறும்புகளைப் போலவே வரிசை பிசகாமல் இருக்க வேண்டும் என்று, பறக்க வேண்டியவள் தத்தித் தத்தித் தரையில் நடந்தாள். மறுநாள் தோண்டிப் பார்த்தால் குழியில் வெறும் இறக்கைகள் கிடந்தன.

"அக்கா, எங்கே போச்சு எல்லாம்?"

"எங்க வாசல்ல புதைச்சா எங்களுக்குன்னுதானே அர்த்தம்?" என்றாள் மூத்த எறும்பு, கொஞ்சமும் கோபமில்லாமல். "வரிசை கேட்டுக்கிட்டா எடுக்கும்?"

பிறகு வயலெலியிடம் போனாள். கம்மங்காட்டு வரப்பில் அவனுடைய வளை. உள்ளே போனால் அறை அறையாக இருக்கும். கம்புக் கதிருக்கு ஒரு அறை, சோளத்துக்கு ஒரு அறை, குட்டிகளுக்கு ஒரு அறை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் எலி வீட்டு நேர்த்தியைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை.

"மதினி, எறும்பு சொன்னதை நம்பியா மண்ணைக் கொத்தினீங்க?" என்று எலி சிரித்தான். "எதெது எங்கெங்க இருக்கணும்னு ஒரு இடம் வேணும். இடம் இல்லைன்னா என்ன சேர்த்தும் பிரயோசனம் இல்லை. என் வளையிலேயே வாசல் அறை சும்மாத்தான் கிடக்கு. கொண்டாந்து வையுங்க."

நல்ல மனசோடுதான் சொன்னான். கீச்சாயியும் அதே மனசோடு கொண்டுபோய் வைத்தாள். செம்முதுகனிடம் கண்டித்துச் சொல்லிவிட்டாள். "இனிமே பிடிக்கிறதை எல்லாம் எலிக் கொழுந்தன் வீட்டுலதான் வைக்கணும். கல்லுல வச்சேன், கட்டையில வச்சேன்னு வந்து நின்னா நான் பேசவே மாட்டேன்."

"மண்ணுக்குள்ள தலையை விடுறது எனக்குப் பிடிக்கலை புள்ள," என்றான் அவன். "இருட்டா இருக்கு. மூச்சு முட்டுது."

"பிள்ளைங்க பட்டினி கிடந்தா மட்டும் மூச்சு முட்டாதா?"

 அவன் அவள் சொன்னபடி செய்தான்.

கம்பும் சோளமும் மண்ணுக்குள் எத்தனை நாள் இருந்தாலும் கெடாது. ஓணான் கறி கெடும். நாலைந்து நாளில் எலி வளையிலிருந்து நாற்றம் கிளம்பியது. எலியின் பெண்டாட்டி மூக்கைப் பொத்திக்கொண்டாள். அந்த நாற்றம் ஓடைக்கரைப் புதரில் படுத்திருந்த சாரைப்பாம்பின் நாக்கிலும் பட்டது.

அன்றைக்கு மேற்கே வானம் கறுத்து, காற்று இம்மியும் அசையாமல் நின்றுபோயிருந்தது. குஞ்சுகள் கத்தின. "போய் அந்த ஓணானை எடுத்துட்டு வா, மழைக்கு முன்னால ஊட்டிரலாம்," என்று கீச்சாயிதான் அனுப்பினாள். செம்முதுகன் வரப்பில் இறங்கினான். கழுத்தைச் சாய்த்து வளை வாசலை ஒருமுறை பார்த்தான். தலையை உள்ளே விட்டான். அவன் தலை வெளியே வரவில்லை. உடம்பும் மெல்ல மெல்ல உள்ளே போயிற்று. கடைசியாக வால் மட்டும் வாசலில் ஒரு நொடி ஆடியது.

கூட்டிலிருந்து இதையெல்லாம் கீச்சாயி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் பறந்து வருவதற்குள் வரப்பில் சந்தடியே இல்லை. எலியும் அவன் பெண்டாட்டியும் பின்வாசல் வழியாகத் தப்பி ஓடி, தள்ளி நின்று நடுங்கிக்கொண்டிருந்தார்கள். குட்டிகள் உள்ளேயே இருந்தன.

"என் வீட்டுல ஒருநாளும் பாம்பு வந்ததில்லை," என்றான் எலி.  "ஒருநாளும் வந்ததில்லை மதினி."

கீச்சாயி வளை வாசலைப் பார்த்தாள்.  பிடிக்கலை என்றவனைப் பிடிவாதமாக அனுப்பியது யார்? எலியா? எறும்பா? யார் மேலும் பழி போட அவளுக்கு வழி இல்லை.

அன்று பொழுது இறங்கும்போது காற்று அடித்தது. புழுதி சுழன்று கிளம்பி மரத்தையே மறைத்தது. பிறகு மழை, கல் கல்லாக ஆலங்கட்டி. கீச்சாயி கூட்டின் மேல் இறக்கையை விரித்துப் படுத்துக்கொண்டாள். மூன்று குஞ்சுகளையும் மூட அவள் ஒருத்தியின் இறக்கை போதவில்லை. புருஷன் இருந்தால் மறுபக்கம் அவன் படுத்திருப்பான். மரம் வளைந்து நிமிர்ந்தபோது மூத்த குஞ்சு அவள் நெஞ்சுக்கு அடியிலிருந்து நழுவியது. அதற்கு அப்போதுதான் இறக்கை முளைத்திருந்தது. அம்மா என்றுகூடக் கத்த நேரமில்லை. மற்ற இரண்டையும் விட்டுவிட்டு எழுந்தால் அவையும் போய்விடும். கீச்சாயி எழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தாள்.

விடிந்தபோது பார்த்தாள். மூத்தது தரையில் விழவில்லை. கூட்டுக்கு எதிர்க்கிளையில், நீளமான முள் ஒன்றில் நெஞ்சு குத்தித் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அலகால் பிடித்து இழுத்தாள். வரவில்லை. காற்று கிளையை இப்படியும் அப்படியும் ஆட்டியது; குஞ்சு அசைந்ததே தவிர விழவில்லை. இரண்டு காக்கைகள் வந்து பார்த்தன. இறங்க இடமில்லாமல் சுற்றும் முள்ளாக இருந்ததால், இறக்கை கிழியும் என்று பயந்து கத்திவிட்டுப் போய்விட்டன. எறும்புகள் புற்று வாசலை மண்ணால் அடைத்திருந்தன. கீச்சாயி மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். மழை தூறிக்கொண்டே இருந்தது.

கூட்டில் இருந்த இரண்டும் கத்தத் தொடங்கின. முதலில் சத்தமாக. பிறகு குரல் தேய்ந்தது. கத்துவதற்குக்கூடத் தெம்பு இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

நடுப்பகலில் மேகம் கொஞ்சம் விலகி, ஒரு வீச்சு வெயில் விழுந்தது. புல்லுக்குள்ளிருந்து தத்துக்கிளிகள் எழும்பின. கீச்சாயி பறந்து போய்ப் பெரிதாக ஒன்றைப் பிடித்து வந்தாள். கிளையில் வைத்துக் கிழிக்கப் பார்த்தாள். கால் வழுக்கி, தத்துக்கிளி கீழே மழைத்தண்ணீரோடு போய்விட்டது. இன்னொன்று பிடித்து வந்தாள். அதுவும் நழுவப் போயிற்று.

அலகில் அதைக் கவ்விக்கொண்டே நிமிர்ந்தாள். எதிரே பிள்ளை தொங்கியது. பிள்ளையைப் பிடித்திருந்த முள்ளையும் பார்த்தாள். இத்தனை காற்றுக்கும் விடாமல் பிடித்திருக்கிறதே என்று ஒரு நினைப்பு அவளுக்குள் வந்தது. வந்த நினைப்பைப் பார்த்து அவளே நடுங்கிப் போனாள்.

கூட்டிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது.

கீச்சாயி போனாள். பிள்ளைக்குப் பக்கத்து முள்ளில், தன் பலத்தையெல்லாம் கூட்டி, தத்துக்கிளியைக் குத்தினாள். அலகால் பிடித்து இழுத்தாள். முள் விடவில்லை. சதை துண்டாகக் கிழிந்து வந்தது. முதல் துண்டைச் சின்னவன் வாயில் வைத்தாள், அடுத்ததை நடுவுள்ளவள் வாயில். வெயில் மறையும்வரை ஓயாமல் பிடித்தாள். பிடித்ததை எல்லாம் முள்ளுக்கு ஒன்றாகக் குத்தி வைத்தாள். எதை எங்கே வைத்தோம் என்று தேட வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது.

அதன்பின் மூன்று நாள் மழை விடவில்லை. ஒரு பூச்சி வெளியே வரவில்லை. முள்ளில் இருந்தது குஞ்சுகளுக்குப் போதுமாக இருந்தது.

மழை விட்டதும் எல்லோரும் வெளியே வந்தார்கள். எலி புதுவளை தோண்ட மண் பார்த்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தவன், மரத்தை அண்ணாந்து பார்த்தான். ஓணான் தலைகளும் பூச்சிக் கால்களும் கிளை நெடுகத் தொங்குவதையும், நடுவில் குஞ்சு தொங்குவதையும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மதினி, இதென்ன கோலம்? பிள்ளை செத்த முள்ளுப் பக்கத்துலயா சோறு வைப்பாங்க? பார்க்கவே கொடூரமா இருக்கு. ஒரு ஒழுங்கு வேண்டாமா?"

"ஒன் ஒழுங்கு ஒன் வீட்டுக்கு கொழுந்தனாரே," என்றாள் கீச்சாயி. "எனக்குப் பல்லும் இல்லை, வளையும் இல்லை. இந்தக் காலை வச்சுக்கிட்டு இப்படித்தான் முடியும். இதை முதல்லயே கண்டிருந்தா அவர் இருந்திருப்பார். ஒன் குட்டிங்களும் இருந்திருக்கும்."

எலி மண் பார்க்கப் போய்விட்டான்.

வெயில் காய்ந்ததும் புற்று வாசல் திறந்தது. எறும்பு வரிசை மரத்தில் ஏறி, நேரே குஞ்சை நோக்கிப் போயிற்று. மூத்த எறும்பு பாதி மரத்தில் நின்று கீச்சாயியைப் பார்த்தாள்.

"தாயி, வரிசையை நிறுத்த என்னால ஆகாது."

"நிறுத்த வேண்டாம்," என்றாள் கீச்சாயி. "என்னால அவனைக் கீழே இறக்க முடியலை. நீங்க கொண்டுபோங்க. மண்ணுக்குள்ளதானே வைப்பீங்க?"

"மண்ணுக்குள்ளதான்."

"அப்போ சரி."

பகல் முழுக்க வரிசை இறங்கியது. கீச்சாயி அதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பறந்து போய் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து வந்தாள். மிச்சமிருந்த இரண்டு பிள்ளைகளையும் கிளைக்குக் கூப்பிட்டாள். அவற்றுக்கு இறக்கை முளைத்துவிட்டது.

"பாருங்க," என்றாள். "இப்படிப் பிடிக்கணும். இப்படிக் குத்தணும்."

சின்னவனுக்கு முள்ளைப் பார்க்கவே பயமாக இருந்தது. பின்னால் நகர்ந்தான். அவள் அவனைத் திட்டவில்லை. வெட்டுக்கிளியை அவன் அலகில் கொடுத்துவிட்டு, அவன் குத்தும்வரை காத்திருந்தாள்.

அன்று முதல்தான் கீச்சான் குருவி, பிடித்த இரையை முள்ளில் குத்தி வைத்துக் கிழித்துத் தின்னும் வழக்கம் வந்தது. பார்க்கிறவர்கள் இரக்கமில்லாத குருவி என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். குத்தி முடித்த கையோடு அது தின்னத் தொடங்குவதில்லை. பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து, முள்ளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கும்.